முறுக்குக் கடையின் ரோட்டெக்ஸ்

கிட்ட வந்து உட்காருங்க. போன் எடுக்கிற வேலை என்றால், அடுத்தவர் செய்த தப்புக்கு முதலில் நாம் திட்டு வாங்குவது. குருபோங்கில் கடைகளுக்கு வெப்சைட் நடத்தித் தரும் சின்ன ஆபீசில் எனக்கு அந்த வேலை. ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஏதோ கடை வெப்சைட்டைத் திறக்கப்போய், 'பாதுகாப்பு இல்லை' என்று சிவப்பாக வந்து நீங்களும் பதறியிருப்பீர்களே, அந்தப் பதற்றமெல்லாம் என் காதில்தான் வந்து விழும்.

வாசலில் போலீஸ்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வள்ளி கூப்பிட்டாள். லூபோக் சீனா என்ற ஊரில் முறுக்கு சுட்டு விற்பவள். ஆர்டர் எல்லாம் வெப்சைட்டில்தான் வரும். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை, சிவப்பு எழுத்துதான் வந்தது.

எங்கள் ஆபீசில் வெப்சைட்டுகளைக் கவனிக்கும் கவிதா பார்த்துவிட்டு, "வண்டிக்கு வருஷா வருஷம் வரி கட்டி ஒட்டுற ரோட்டெக்ஸ் மாதிரி வெப்சைட்டுக்கு செர்டிபிகேட் ஆன்ட்டி. அது தேதி முடிஞ்சு செத்துப்போச்சு," என்றாள். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் முன்பு எங்களோடு வேலை பார்த்த சிவா பெயருக்குப் போயிருக்கிறது. சிவா சிங்கப்பூர் போய் இரண்டு வருஷம்! இதை வள்ளியிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"கடைய நான் தொறந்து வெச்சிருக்கேன்க்கா, வாசல்ல நீங்கதான் போலீஸ நிக்க வெச்சிருக்கீங்க!"

ஒரே ஸ்டிக்கர்

எங்களிடம் எல்லாக் கடைக்கும் பொதுவாக ஒரே கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதிவைத்த கட்டளை. ஒரு பட்டனைத் தட்டினால் அது எல்லா வெப்சைட்டையும் இன்டர்நெட்டில் ஏற்றிவிடும். கூட வேலை பார்க்கும் தேவன், வள்ளிக்காக அவசரப்பட்டுப் புது செர்டிபிகேட் எடுத்து, அதன் பெயரை அந்தப் பொதுக் கோட்டிலேயே எழுதிப் பட்டனைத் தட்டினான். வள்ளி கடை திறந்தது. மற்ற கடை எல்லாம் சிவப்பு! ஒரு காரின் ரோட்டெக்ஸ் ஸ்டிக்கரை ஊர் வண்டிக்கெல்லாம் ஒட்டின கதை. அலோர் காஜா டயர் கடைக்காரர்தான் முதலில் கூப்பிட்டார்.

"ஆன்ட்டி, நான் டயர் விக்கிறேன்லா, என் கடையில எதுக்கு முறுக்குக்காரி பேரு?"

தேவன் மாற்றியதைத் திரும்ப எடுத்தான். வள்ளி கடை மறுபடி மூடியது. "சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா எனக்கு வெப்சைட்டே வேணாம்க்கா," என்று போனை வைத்துவிட்டாள்.

அவரவர் பெயர்

கவிதா தேவனைத் திட்டவில்லை. பொதுக் கோட்டில் கடைப் பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டாள். ஏற்றும்போது அந்தந்தக் கடை தன் பெயரைச் சொல்லி, தன் செர்டிபிகேட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். காலம் முடியும் முன்னே தானே புதுப்பித்தும் கொள்ளும். முதலில் எங்கள் ஆபீஸ் வெப்சைட்டில் போட்டுப் பார்த்தாள். பிறகு வள்ளிக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. நாலரை மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, ஆர்டர் வருதுக்கா! மாவு பத்தாது, அப்புறம் பேசுறேன்!"

எல்லாம் இனி தானாக நடக்கும் என்று தேவன் கை தட்டினான். தானாக நடக்காமல் போகிற நாளில் அந்தத் தகவல் எந்த ஆள் பெயருக்கும் போகாமல், எவர் உட்கார்ந்தாலும் எடுத்தே ஆகவேண்டிய என் மேசைப் போனுக்கு வரும்படி எழுதிவிட்டுத்தான் கவிதா பையைத் தூக்கினாள்.