தகரக் கொட்டகையில் அண்ணன்

‘வலது இதயத் தமனியில், ஸ்டென்டுக்குள் மீண்டும் அடைப்பு. பலூன் சிகிச்சைக்குப் பின் தமனிக்குள் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது.’ சென்னை மருத்துவமனை என் அண்ணனுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் இருந்த வரிகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தேதி மார்ச் ஆறு, வியாழக்கிழமை.

அண்ணன் உத்திரமேரூர்ப் பக்கம் கல்குவாரி லாரி ஓட்டியவர். ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாய் வைத்த அதே இடம் அவருக்கு இரண்டு முறை அடைத்துவிட்டது. பலூனால் விரித்த இடம் ஆறும்போது உள்ளே சதை வளர்ந்து வழியைக் குறுக்குகிறது என்றும், கதிர்வீசும் பொருளை மெல்லிய குழாய் வழியே அங்கே சில நிமிடங்கள் நிறுத்தினால் அந்த வளர்ச்சி மட்டுப்படும் என்றும் மருத்துவர் விளக்கினார்.

சிகிச்சையின்போது அண்ணனுக்கு நினைவு இருந்தது. குழாய் உள்ளே போனதும் சுற்றி இருந்தவர்கள் விலகி நின்றதைப் பார்த்தார். முடிந்த பிறகு ஒருவர் ஏதோ கருவியை அவர் மார்புக்கு மேலே நகர்த்திப் பார்த்தாராம். அது எதற்கென்று அண்ணன் கேட்டுக்கொள்ளவில்லை.

முன்பு எங்கள் தெருவில் ஒருவர் தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க மருந்து குடித்துவிட்டு வந்தார். பிள்ளைகள், கர்ப்பிணிகள் பக்கம் போகக் கூடாது என்று அவரைச் சில நாட்கள் தனி அறையில் வைத்திருந்தார்கள். அண்ணன் மனதில் அது இருந்தது. வீடு திரும்பியதும் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பாயைப் போட்டுக்கொண்டு, தனக்குத் தனித் தட்டு கேட்டார்.

அண்ணி வெடித்தார். “இன்னாய்யா நீ! டீக்கடையில தனி கிளாஸ் குட்த்தான்னு ஊரையே ரெண்டாக்கின ஆளு, இப்ப உன் வூட்லயே தனித் தட்டு கேக்கற?”

“அது வேற, இது வேற. எட்டப் போ.”

தாமல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட அவருடைய ஒரே மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு அப்பா போய் அழைத்துவர வேண்டும். முதல் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வராவிட்டால் அந்தப் பெண் காலத்துக்கும் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும். பங்குனி முதல் ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று. அண்ணன் மகளுக்கு போன் போட்டு, “நீ இங்க வரவே வாணாம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் கொட்டகையில் இருந்தபோது அவள் பஸ் பிடித்துத் தனியாக வந்து நின்றாள். அண்ணன் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்.

“கிட்ட வராத கண்ணு. புள்ளைக்கு ஆவாது.”

“யார் சொன்னா நைனா?”

“ஆஸ்பத்திரியில அவுங்களே என்கிட்ட நிக்கலியே!”

அவள் வாசலிலேயே நின்று மருத்துவமனைக்குப் போன் செய்தாள். மருத்துவர் கிடைக்க நேரமாயிற்று. ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது: “உள்ள வெச்சதை அப்பவே வெளிய எடுத்தாச்சும்மா. உடம்புல எதுவும் இல்லைன்னு கருவி வெச்சுப் பார்த்துதான் அனுப்பினோம். தைராய்டுக்குக் குடிக்கிற மருந்து உடம்புல தங்கும். இது தங்காது.”

“அப்ப ஏன் சார் எட்டப் போனாங்கோ?” என்றார் அண்ணன்.

“உங்களுக்கு இது ஒரு நாள். அவங்களுக்குத் தினமும் இதே வேலை, கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துடும்.”

அண்ணன் சுவரை விட்டு நகரவில்லை. மகள்தான் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். “தூக்கி வுடு நைனா, என்னால எழுந்துக்க முடியல” என்று கையை நீட்டினாள். அண்ணன் சுவரை விட்டு வந்து, பிடித்துத் தூக்கினார்.

“ஏன் தனியா ஓடிப் போனன்னு மாமியா வூட்ல கேட்டா இன்னா சொல்ற?” என்றார் அண்ணி.

“எங்க நைனாவுக்குப் பைத்தியம்னு சொல்லிக்கிறேன்.”

அவள் அன்றே தாமலுக்குத் திரும்பினாள். குறித்த ஞாயிறன்று அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு தாமலுக்குப் போய் முறைப்படி அவளை அழைத்துவந்தார். இதை எழுதும்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது. அண்ணனுக்கு மறுபரிசோதனை நாள் வந்து போய்விட்டது. குழந்தையைக் கையில் வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்கிறார். நெஞ்சுவலி இல்லை என்பது அவர் வாய்ச்சொல். தமனி இன்னும் திறந்திருக்கிறதா என்பதை யாரும் பார்க்கவில்லை, எனக்கும் தெரியாது.