இரவல் கோழிகள்

இன்று மானிப்பாய் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் ஓர் உரப்பை. உள்ளே நான்கு கோழிகள்.

"வீட்டிலை விசேசமோ தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. இரவல் கோழியள். பின்னேரம் என்ரை சொந்த அக்காட்டைத் திருப்பிக் குடுக்கோணும்."

அவள் வீட்டுத்திட்டத்தில் தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவள். அங்குள்ளவர்கள் சொந்தக் காலில் நிற்கவென்று ஒரு நிறுவனம் மானியத்தில் கோழிகள் கொடுத்திருக்கிறது. முதலில் கோழி. அது வளர்வதைப் பார்த்த பிறகுதான் கூடு.

"கூடு வர முந்திக் கீரி வந்திட்டுது. சமைக்கிற குசினிக்குள்ளைதான் விட்டனான். அதுக்கு இன்னும் கதவு போடேல்லை."

"உள்ளதைச் சொல்லலாமே?"

"பக்கத்து வீட்டு அக்கா சொன்னவ. அவவுக்கு அக்கறை காணாதெண்டு எழுதிப்போட்டுப் போட்டினம். இண்டைக்கு நிறுவனத்துக்காரர் வந்து கோழியளைப் பாத்திட்டால் எனக்குக் கூடு கிடைக்கும். கூடு இருந்தால் நானே குஞ்சு வாங்கி வளத்திடுவன்."

இப்படியான ஒரு நிறுவனம்தான், கள அனுபவம் போதாது என்று என்னை நேர்முகத்தேர்வில் திருப்பி அனுப்பியது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. கீரிக்கு இருக்கும் கள அனுபவம்கூட அவர்களுக்கு இல்லை.

இறங்குவதற்கு முன் அவள் பையின் வாயை அவிழ்த்து, கோழிகள் மூச்சுவிடுகின்றனவா என்று பார்த்தாள். அவை மூச்சுவிட்டன. பிறகுதான் எழுந்தாள்.

நாளைக்குப் படம் அந்த நிறுவனத்தின் முகநூலில் வரும். கோழிகளோடு அவளைச் சிரிக்கச் சொல்லியிருப்பார்கள். கண்டால் நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள். கோழி யாருடையது என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.