ரொட்டிக்கு எதற்கு பேஸ்?

“அக்கா, உங்களுக்கு பேஸ் எவ்வளவு வேணும்?”

ஜெலாப்பாங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் ஆக்சஸரீஸ் கடை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம்தான் இப்படி ஒரு கேள்வி. கேட்டவர் கடைக்காரர் சிவா. நான் என்ன சொல்வேன்? மீன் கடையில் கேட்டால் அரை கிலோ என்று சொல்லத் தெரியும். பேஸ் எதில் அளப்பார்கள்?

“கொஞ்சமா போடுங்க,” என்றேன். சாம்பாருக்கு உப்பு சொல்கிற மாதிரி.

எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. சத்தமாகப் பாட்டு வைத்தால் தலை வலிக்கும். வீட்டு டிவியில் சத்தம் போய்விட்டால் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டுவேன், அவ்வளவுதான் என் ஆடியோ ஞானம். அப்படிப்பட்ட என்னை, ஒரு பழைய மோட்டாரில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் பொருத்துகிற வேலைக்குக் கங்காணி ஆக்கியது யார் தெரியுமா? எங்கள் ரொட்டி பாய்.

சிலிபினில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருப்பவர்களுக்குக் காதர் பாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டாரின் பின்னால் பெரிய பெட்டி, பெட்டியைச் சுற்றிலும் ரொட்டிப் பொட்டலங்கள், பன், பிஸ்கட். காலையில் எங்கள் தாமானில் ஒரு சுற்று. முடித்துவிட்டு, அந்தப் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போவார். ரப்பர் மரம் எல்லாம் போய் இப்போது அது செம்பனைக் காடு. உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். எல்லா வீட்டு வாசலுக்கும் மோட்டார் போகாது. பாயின் குரல் போகும்.

மற்ற ரொட்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். பாய் அடித்ததே இல்லை. “ரொட்டீ...ஈ...ஈ... ரொட்டீ...” என்று ஒரு குரல் கொடுப்பார். முனை வீட்டில் பிரஷர் குக்கர் மூன்று விசில் அடித்துக்கொண்டிருந்தாலும் காதில் விழும். ‘வாரேன் பாய்’ என்று பதில் கொடுத்துவிட்டு, சாவகாசமாகச் செருப்பைத் தேடலாம். அவர் நிற்பார்.

இந்த வருடம் பாய்க்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆள் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார். குரல் வரவில்லை. பேசினால் வெறும் காற்று.

மறுபடி ரொட்டி விற்க வந்தார். எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஃபேன் ஓடுகிறது, டிவி ஓடுகிறது... வாசலில் பாய் வந்து நின்றதும் தெரியாது, போனதும் தெரியாது. சரி என்று ஒரு ரப்பர் ஹாரன் வாங்கி அடித்துப் பார்த்தார். ஐஸ்கிரீம் என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பெட்டிக்குள் ரொட்டியைப் பார்த்ததும் அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஒரு நாள் என் கேட்டருகில் மோட்டாரை நிறுத்தி, அந்தக் காற்றுக் குரலில் சொன்னார். “தங்கச்சி, தோட்டத்துப் பக்கம் போறத விட்டுறலாம்னு பாக்குறேன். யாருக்குமே நான் வந்தது தெரியல. இப்படியே போனா இந்தப் பக்கமும் வர முடியாது. வீட்டுல உக்கார வேண்டியதுதான்.”

வீட்டில் உட்காருகிற மனிதரா அவர்? என் வாய் சும்மா இருக்குமா... “ஒரு ஸ்பீக்கர் போட்டுறலாம் பாய்” என்று சொல்லிவிட்டேன், ஏதோ தினமும் நான் நாலு மோட்டாருக்கு ஸ்பீக்கர் போடுகிற மாதிரி. பாய் என்னைக் கையோடு அழைத்துப் போய்விட்டார். அவருக்குப் பேச ஒரு வாய் வேண்டுமே.

கடையில் சிவா கேட்ட கேள்வி ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஆம்ப்ளிஃபையர் எத்தனை சேனல் என்றார். டிவிக்குத்தானே சேனல்? புளூடூத்தா, பென்டிரைவா என்றார். சீட்டுக்கு அடியில் நீல லைட்டும் போட்டுத் தரட்டுமா, கூட்டமாக மோட்டாரில் கான்வாய் போகிற பையன்கள் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார். நான் பாயைப் பார்த்தேன். பாய் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையைத் தூர நீட்டினார். தூரம் வரைக்கும் கேட்க வேண்டும் என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நெஞ்சு அதிர்கிற மாதிரி நல்ல பேஸ் கேட்கிறார் என்று சிவாவுக்குப் புரிந்தது.

டெஸ்ட் செய்ய ஒரு பாட்டைப் போட்டார் பாருங்கள்... பெட்டி ஆடியது, பொட்டலங்கள் ஆடின, ஒரு பன் பாக்கெட் துள்ளி வெளியே விழுந்தது. பாய் இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான், இது ரொட்டி விற்கிற மோட்டார் என்று நான் சொன்னேன். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சிவா கேட்டார். பெட்டியில் தொங்குகிறதே, அதைப் பார்த்தாலே தெரியாதா? தெரியவில்லையாம். அவர் மோட்டாரின் பேட்டரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பேஸ் வேண்டாம், பேச்சுதான் வேண்டும் என்று முடிவாகி, கோயில் திருவிழாவில் கட்டுகிற மாதிரி ஒரு குட்டிக் குழாய் ஸ்பீக்கர் வந்தது. ஆம்ப்ளிஃபையர் சீட்டுக்கு அடியில். மழை படாமல் வயர் எல்லாம் கவருக்குள். கைப்பிடி பக்கத்தில் ஒரு சுவிட்ச். எஞ்சின் ஓடும்போது மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி படுத்துவிடும் என்று சிவா படித்துப் படித்துச் சொன்னார்.

எதைப் பதிவு செய்வது? எழுத்தாளர் நான் இருக்க என்ன கவலை? ‘அன்பார்ந்த தாமான் வாசிகளே, சுவையான, மிருதுவான ரொட்டி உங்கள் இல்லம் தேடி வந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். சிவா அதை ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி வாசித்தார். மலாயிலும் சொன்னார். எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அறிவிப்பு முழங்கியபடி பாய் தாமானுக்குள் வந்தார். நான் கேட்டில் நின்று பார்க்கிறேன்... ஒவ்வொரு வீடாகக் கதவு திறக்கிறது. ஆட்கள் வருகிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வந்தவர்கள் கையில் எல்லாம் பழைய பேப்பர் கட்டு.

ஒருவர் உடைந்த ஃபேனைத் தூக்கி வந்தார். முனை வீட்டு அக்கா ஒரு துருப்பிடித்த ரைஸ் குக்கரை ரொட்டிப் பெட்டி மேலேயே வைத்துவிட்டார். பாய் ‘ரொட்டி, ரொட்டி’ என்று உதட்டை அசைக்கிறார். அவர் சொல்வது யாருக்குக் கேட்கும்? அவருடைய ஸ்பீக்கரே அவரை அமுக்கிவிட்டது.

எங்கள் ஊரில் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டு வருவது ஒரே ஒரு வண்டிதான். ‘சுராட் காபார் லாமா’ என்று பழைய பேப்பர் வாங்க வருகிற லாரி. குழாய்ச் சத்தம் கேட்டதும் கை தானாகப் பேப்பர் கட்டைத் தூக்குகிறது. குழாய் என்ன சொல்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சுவையான, மிருதுவான என்று தெளிவாகத்தானே எழுதினேன்? பழைய பேப்பர் எப்படி மிருதுவாக இருக்கும்?

பாய் சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ரொட்டினுதானே சொல்லுது?”

“ரொட்டினுதான் சொல்லுது பாய்.”

இரண்டு பேரும் ரைஸ் குக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆக, சனங்களுக்கு வார்த்தை வேண்டாம். அவர் குரல் வேண்டும். அதற்கு எங்கே போவது? ரொட்டிக்காரர் கூவுவதை யார் பதிவு செய்து வைத்திருப்பார்கள்? தாமான் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். வீடியோக்கள் வந்து கொட்டின. பிறந்த நாள் கேக் வெட்டும்போது பின்னால் ஒரு ‘ரொட்’. பட்டாசுக்கு நடுவில் ஒரு ‘ட்டீ’. எல்லார் வீட்டு வீடியோவிலும் பாய் இருக்கிறார், முழுசாகத்தான் இல்லை.

கடைசியில் சுங்காயில் இருக்கும் என் தங்கை ஒன்று அனுப்பினாள். பொங்கலன்று கார் போர்ச்சில் பானை வைத்து நானே எடுத்து அவளுக்கு அனுப்பிய வீடியோ. எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பது பால் பொங்குவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடம்தான். அந்த நிமிடத்தில், சுத்தமாக, அழகாக... “ரொட்டீ...ஈ...ஈ... ரொட்டீ...” உடனே என் குரல், “வாரேன் பாய், போயிறாதீங்க!” அப்புறம் வீடியோவில் என் செருப்பு தெரிகிறது, கேட் தெரிகிறது. பால் பொங்கியது மட்டும் தெரியவில்லை.

சிவா கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டார். “அக்கா, பாய் குரல் கிளியரா இருக்கு. ஆனா அவரு இழுத்து முடிக்கிறதுக்குள்ள நீங்க கத்திட்டீங்க. உங்கள வெட்டுனா அவரும் வெட்டுப்பட்டுருவாரு லா.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர் முழுக்க நான் கத்திக்கொண்டு போகவா? எப்படியாவது வெட்டிவிடச் சொன்னேன். பாய் கையைத் தூக்கினார். அவர் சொல்வதைக் கேட்க நானும் சிவாவும் குனிந்தோம்.

“வெட்ட வேணாம் தங்கச்சி. இத்தன வருசம் நான் சும்மா கத்திக்கிட்டா போனேன்? யாராச்சும் வாரேன்னு சொல்வீங்க. அதக் கேட்டுட்டுத்தான் நான் அடுத்த வீட்டுக்கு மோட்டார உருட்டுனேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிவா பேட்டரியைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது பாயின் மோட்டார் பாயின் குரலிலேயே கூவுகிறது. பேப்பர் கட்டு ஒன்றும் வருவதில்லை. தோட்டத்துப் பக்கமும் விடாமல் போய் வருகிறார். அதில் ஒரு வேடிக்கை. என் குரலைக் கேட்டதும், யாரோ ஒரு பொம்பளை முந்திக்கொண்டாள், ரொட்டி தீர்ந்துவிடும் என்று நினைத்து எல்லாரும் ஓடி வருகிறார்களாம். செம்பனைக்குள் ஒரு பெரியவர் மட்டும் தினமும் பின்னால் திரும்பிப் பார்த்து, “அந்தம்மாவுக்கு மொதல்ல குடுங்க பாய்” என்று ஒதுங்கி நிற்கிறாராம். இத்தனை வருடம் எழுதியதற்கு எனக்கு யாரும் இப்படி வழி விட்டதில்லை.

இன்று காலை அடுப்பில் தோசை. தெருவில் “ரொட்டீ...” கேட்டது. பழக்கம் விடுமா? “வாரேன் பாய், போயிறாதீங்க!” என்று அடுக்களையிலிருந்து கத்தினேன். அதே நேரம் வாசலில் இன்னொரு நானும் கத்தினாள். யார் போவது என்று ஒரு நொடி எனக்கே குழம்பிவிட்டது. தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவே இல்லை.

“ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தி போங்க லா... ரொட்டி முடிஞ்சிறப் போவுது.”