குருசடிக் கல்லை இழுத்தவர்கள்

நீங்கள் பொய் சொல்கிறீர்கள், ஐயா. தெரிந்தே சொல்கிறீர்கள். எகிப்துப் பிரமிடுகளை மனிதன் கட்டியிருக்க முடியாது, ஒலியால் கல்லை மிதக்கவைத்தார்கள் என்று உங்கள் வீடியோக்களில் சொல்லிக்கொண்டிருந்தவரை நானும் பேசாமல்தான் இருந்தேன். போன வருடம் உவரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, கடலைப் பார்த்து நிற்கும் சிலுவையின் அடிக்கல்லைத் தட்டிக் காட்டி, "இந்த மணலுக்குள் இவ்வளவு பெரிய கல் எப்படி வந்தது? பிரமிடில் இருக்கும் அதே மர்மம் இங்கேயும்" என்றீர்கள். எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சுறா எண்ணெய் நாறிக்கொண்டு வந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தச் சிலுவையை நாங்கள் 'குருசடி' என்போம். அதன் பீடத்துக்கு ஒரே கல்லாக வேண்டும் என்று ஊர் முடிவுசெய்து, வள்ளியூர்ப் பக்கத்துக் குவாரியிலிருந்து லாரியில் கொண்டுவந்தார்கள். தார் ரோடு முடிந்த இடத்தில் லாரி மணலில் புதைந்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் கல்லை இழுக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், மீன்பிடி வள்ளத்தைக் கடலிலிருந்து கரையேற்றுகிற வழி. உருட்டுத்தடிகளில் சுறா எண்ணெயைப் பூசி, கல்லுக்கு அடியில் ஒவ்வொன்றாகப் போட்டு, முன்னால் ஆண்களும் பெண்களும் வடத்தைப் பிடித்துக்கொள்ள, அப்பாவும் இன்னும் சிலரும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து நின்றார்கள்.

மிக்கேல் மாமாதான் முன்னால் நின்று சத்தம் கொடுத்தார். "ஏலே, சோறு திங்கயில இருக்க தெம்பு இப்ப எங்கல போச்சு? ஒண்ணா இழுங்க வே."

"நீரும் வந்து வடத்தப் பிடியும் வே. வாயால இழுத்தா கல்லு வருமா?" என்று வடத்திலிருந்து ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தபடியே இழுத்தார்கள்.

அந்தத் தோள்தான் தப்பு. வள்ளம் அடியில் நீளமாக ஓடும் ஒற்றை மரத்தில் நிற்பது, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் சாய்ந்துவிடும், அதனால் என்ன ஆனாலும் தோளை எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கல்லுக்கு யாரும் தோள் கொடுக்க வேண்டியதில்லை. அது சறுக்கினால் விலகி ஓட வேண்டும், அவ்வளவுதான். மேட்டில் ஒரு தடி மணலில் இறங்கிக் கல் பக்கவாட்டில் சறுக்கியபோது, வேறு எந்த ஊர்க்காரனும் ஓடியிருப்பான். அப்பா இன்னும் அழுத்தித் தோள் கொடுத்தார். கல் அவர் கால்மேல் ஏறிவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. நானும் போகாமல், பேட்டையில் லேத் பட்டறைக்கு வந்துசேர்ந்தேன்.

பிரமிடு எப்படிக் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நேராகச் சரிவு போட்டு ஏற்றினார்கள் என்கிறார்கள், சுற்றிச் சுற்றிச் சரிவு போட்டார்கள் என்கிறார்கள், மணலில் தண்ணீர் ஊற்றிச் சறுக்குப்பலகையில் இழுத்தார்கள் என்கிறார்கள். படித்தவர்கள் சண்டை போடட்டும். அவர்கள் மனிதர்களை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். பிரமிடு பக்கத்திலேயே வேலையாட்களைப் புதைத்த குழிகள் இருக்கின்றன, உடைந்து கூடிய எலும்புகள் இருக்கின்றன. மிதந்து வந்த கல் யாருடைய எலும்பை உடைக்கும்?

நீங்கள் படம் பிடித்த அன்று அப்பா கட்டையை ஊன்றிக்கொண்டு உங்களிடம் வந்தார். நடந்ததை முழுதாகச் சொன்னார். உங்கள் ஆள் கேமராவில் பதிந்தான், நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டீர்கள். வீடியோவில் அந்தப் பேச்சு இல்லை.

வீடியோவை என் மகள் அவருக்குப் போட்டுக் காட்டினாள். அப்பா கடைசிவரை பார்த்துவிட்டு, "நாங்க இழுத்தது இதுல வரலியே" என்றார்.

"சும்மா சொல்லாதீங்க தாத்தா. மனுசன் இழுத்திருந்தா அவுக சொல்லியிருப்பாகல்லா?"

அப்பா உடுத்தியிருந்த சாரத்தை இழுத்து, வெட்டிய காலின் நுனியை மூடிக்கொண்டார்.

இந்தத் தவக்காலத்தில் அவர் இறந்துபோனார். மிக்கேல் மாமா அவருக்கு முன்பே போய்விட்டார். வடம் பிடித்தவர்களில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பேரும், வெளியூர்க் கார்கள் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "மர்மம்னே இருக்கட்டும் லே, நாலு பேரு வாரான்லா" என்கிறார்கள். இப்போது வள்ளங்களை டிராக்டர்தான் ஏற்றுகிறது. இழுத்த வழியைப் பாதிக்குமேல் கடல் தின்றுவிட்டது. போட்டோ எதுவும் கிடையாது. உங்கள் வீடியோவுக்குக் கீழே எழுதிப் பார்த்தேன், ஆதாரம் எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆதாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

நீங்கள் உண்மையைச் சொன்னாலும் இனிமேல் என் மகள் நம்புவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் பேசப்போவதாகச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். அந்த மேடையில், மைக்கில், எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: என் அப்பா பேசியதை ஏன் வெட்டி எறிந்தீர்கள்?