தலைமறைவானவர் மாடியில் இருந்தார்

எங்கள் முதலாளி சட்டத்தை ஏமாற்றினார். அதற்குத் துணை நின்றவன் நான்.

ஆம்பூரில் அவருடைய தோல் தொழிற்சாலையில், முகமூடிகூடக் கொடுக்காமல் கழிவுத் தொட்டியில் இறக்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி இறந்துபோனார். வழக்குப் பதிவானதும் முதலாளி வீட்டு மாடியில் பதுங்கிக்கொண்டார். நான் அந்த வீட்டு வாட்ச்மேன்.

"முன்ஜாமீன் கிடைக்கிற வரைக்கும், எவன் கேட்டாலும் பெங்களூர் போய்ட்டார்னு சொல்லு" என்றார்.

மூன்று முறை வந்த ஏட்டிடம் அப்படியே சொன்னேன். அவர் கேட்டைத் தாண்டவே இல்லை. 'தலைமறைவு' என்று எழுதிக்கொண்டு போனார்.

பிறகு இறந்தவரின் மனைவி வந்தார். அவரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். வெயிலுக்குச் சுவரோரம் ஒதுங்கியவரின் தோளில் மாடி ஏசியின் தண்ணீர் சொட்டியது. அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாண்ணா, பெங்களூர்ல இருந்துக்கினே இங்க ஏசி போடுறாரா?"

நான் தலைகுனிந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதண்ணா. நீ சொன்னா உன் வேல போய்டும். நானே ஸ்டேஷன்ல சொல்லிக்கிறேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய், முதலாளி மாடியில்தான் இருக்கிறார் என்று ஏட்டிடம் எழுதிக் கொடுத்தேன்.

போலீஸ் மறுநாள்தான் வந்தது. அதற்குள் மாடி காலி.

என் வேலை போனது, போகட்டும். நான் சொன்ன பொய்யை ஊரறிய ஒப்புக்கொண்டுவிட்டேன். ஏட்டையா, ஒரு நாள் முழுக்க எதற்காகக் காத்திருந்தீர்கள்? நீங்களும் ஊரறியப் பதில் சொல்லுங்கள்.