இராசாத்தி படித்த படிப்பு

மட்டக்களப்பு மனநல கிளினிக்கில் இருந்தவர்களுக்கு இராசாத்தி முதலில் ஒரு நோயாளியின் மனைவியாகத்தான் அறிமுகமானாள். 2005ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், கணவர் அருமைநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு குருக்கள்மடத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். வாவியில் வலை வீசிப் பிழைத்தவர் அவர். முந்தைய மாதம் சுனாமியாகக் கடல் பொங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர்களுடைய ஒரே மகன் துசாந்தன் கடற்கரைப் பக்கம் உறவினர் வீட்டுக்கு விளையாடப் போயிருந்தான். அடுத்த நாள் பின்னேரம் தாழம்பற்றைக்குள் அவனைக் கண்டெடுத்தவர் தகப்பன்தான். தூக்கி வந்து வாசலில் கிடத்தியவர், அதன் பிறகு சரிவரப் பேசவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். குளிக்கச் சொன்னால் குளித்தார். தோணி கட்டியிருந்த பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

கிளினிக்கில் மருந்து தந்தார்கள். நிவாரண நிறுவனம் ஒன்றில் வேலை செய்த ஒரு சமூகப்பணியாளர் கிழமைக்கு ஒருமுறை வீடு தேடி வந்தார். அருமைநாயகத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு அடுக்களைப் பக்கம் வந்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று இராசாத்தியிடம் கேட்பார். அந்தக் கேள்வியை அவளிடம் அப்போது வேறு எவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் நிறுவனம் திட்டத்தை மூடிக்கொண்டு போனது. அவரும் போய்விட்டார்.

இராசாத்தி தபால் மூலம் படித்துப் பட்டம் பெற்றவள். ஊரில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிநாடுகளில் வாழும் மட்டக்களப்பு டொக்டர்மாரும் உள்ளூர் ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து, கடல்கோளுக்காகத் திரட்டிய காசில் ஒரு நிதியம் தொடங்கியிருப்பதாக கிளினிக்கில் கேள்விப்பட்டாள். பட்டதாரிகளைக் கொழும்புக்கு அனுப்பிச் சமூகப்பணியில் மேற்படிப்புப் படிக்க வைப்பார்கள். திரும்பி வந்து அரசாங்க மனநல கிளினிக்குகளில் வேலை செய்ய வேண்டும். அவள் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

நிதியத்தின் தலைவர் மஜீட், காத்தான்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. அவர்தான் பேசினார்.

"படிப்புக் கட்டணம் முழுக்க நாங்க கட்டுவம் மகள். கொழும்பில தங்கிற செலவும் தருவம். சம்மதம்தானே?"

"அது காணாது சேர்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இராசாத்தி நிறுத்தவில்லை.

"என்ட மனுசன் வேலைக்குப் போறல்ல. நான் ரியூசன் குடுத்துத்தான் அடுப்பு எரியிது. நான் கொழும்புக்குப் போனா அவருக்கு ஆர் சோறு போடுற? மருந்தெடுக்க ஆர் கூட்டி வாற? கட்டணத்தை மட்டும் கட்டினா, வீட்டில கஸ்டம் இல்லாத ஆக்கள்தான் இந்தப் படிப்புக்கு வருவாங்க."

மஜீட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வீட்டுச் செலவைப் பத்தி நாங்களும் பறைஞ்சிருக்கம். சல்லி காணாது எண்டு விட்டுட்டம். திரும்பக் கேட்டுப் பாக்கிறன்."

"படிச்சிட்டு வந்தா கிளினிக்கில வேலை இருக்குமா சேர்?"

"அந்த வாக்கைத் தர எனக்கு ஏலாது மகள். இப்பிடி ஒரு பதவியே இஞ்ச இன்னும் இல்ல. கேட்டுக்கொண்டு இருக்கம்."

நிதியம் வீட்டுச் செலவுக்கும் ஒரு தொகை தர இணங்கியது. அன்றிரவு விசயத்தைக் கணவரிடம் சொன்னாள். பல மாதங்களாக ஓம், இல்லை என்பதற்கு மேல் பேசாதவர், சுவரைப் பார்த்தபடி வாய் திறந்தார்.

"அது எங்கட புள்ளையக் கடல் கொண்டு போனதால வாற காசி. எனக்கு வேணாம். நீயும் எடுக்காத."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று இராசாத்திக்குத் தெரியும். கடல் வந்திராவிட்டால் அந்த நிதியமும் இல்லை. இரண்டு நாள் அழுதாள். பிறகு அவரைப் பக்கத்து வளவில் இருந்த தன் அக்காவிடம் பாரம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனாள்.

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இடம் கிடைத்தது. மாதம் தவறாமல் வீட்டுக்கு நிதியத்தின் காசு போனது. அக்கா அவரை மருந்துக்குக் கூட்டிப்போனாள். 2007இல் படுவான்கரையில் சண்டை மூண்டது. வாவிக்கு மேற்கே இருந்த சனம் ஷெல்லுக்குத் தப்பி, கையில் அகப்பட்டதோடு கிழக்கே எழுவான்கரைக்கு ஓடி வந்தது. குருக்கள்மடத்துப் பள்ளிக்கூடமும் நிரம்பிவிட்டதாக அக்கா தொலைபேசியில் சொன்னாள். இராசாத்திக்குப் புத்தகத்தில் மனம் நிற்கவில்லை.

ஆனி மாதம் ஒருநாள் விடியற்காலையில் பொலிஸார் லொட்ஜ்களைச் சோதித்து, தங்கியிருந்த தமிழரை பஸ்களில் ஏற்றி ஊர்களுக்கு அனுப்பினார்கள். இராசாத்தியும் அதில் ஒருத்தி. உடுப்புப் பையை எடுக்க நேரம் கிடைத்தது. புத்தகங்களை எடுக்கக் கிடைக்கவில்லை. மட்டக்களப்பில் இறங்கும்போது, இனிப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

வீட்டில் கணவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருப்பதாக அக்கா சொன்னாள். போய்ப் பார்த்தால், வகுப்பறை ஒன்றின் மூலையில் ஒரு மனிதரின் பக்கத்தில் அருமைநாயகம் சோற்றுக் கோப்பையோடு குந்தியிருந்தார். அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிப் படிக்கப் போவதில்லை என்று அவள் சொன்னதையெல்லாம் அருமைநாயகம் கேட்டார். பிறகு சொன்னார்:

"இவர்ர மகன் வாற வழியில செத்துப் போனான் புள்ள. நான் நெடுக வந்து பக்கத்தில இருக்கிறன். என்ன கேக்கிற எண்டு எனக்குத் தெரியா. நீ படிக்கிற இதுதானே?"

"ஓம்."

"அப்ப முடிச்சிட்டு வா."

அவள் அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொழும்பு நிலைமை கொஞ்சம் அடங்கியதும் அவரே கூட வந்து, மஜீட் ஒழுங்கு செய்த ஒரு வீட்டில் அவளை விட்டுவிட்டுத் திரும்பினார். வந்த கிழமையே தோணியைத் தண்ணீரில் இறக்கினார் என்று அக்கா சொன்னாள்.

2008இல் படிப்பு முடிந்தது. பதவி வரவில்லை. நிதியத்தின் உதவியும் படிப்போடு முடிந்தது. கடல்கோள் பழைய கதையாகிவிட, வெளியிலிருந்து வந்த காசும் குறைந்துவிட்டது. இராசாத்தி காலையில் கிளினிக்கில் சம்பளமில்லாமல் வேலை செய்தாள். பின்னேரம் பழையபடி ரியூசன். அருமைநாயகம் பிடித்து வந்த இறாலிலும் மீனிலும் வீடு ஓடியது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நல்ல சம்பளத்தோடு வன்னி எல்லைக்குக் கூப்பிட்டது. போகலாமா என்று அவள் பல நாள் யோசித்தாள். மஜீட்டிடம் கேட்டபோது அவர், "போகாதீங்க எண்டு சொல்ல எனக்கு வாயில்ல மகள்" என்றார். நடுவில் விட்டுப்போன அந்தச் சமூகப்பணியாளரை நினைத்து, அவள் போகவில்லை.

யுத்தம் முடிந்து சில மாதங்களின் பின், அம்பிளாந்துறையிலிருந்து கதிர்காமத்தம்பி என்ற வயல்காரர் தன் இளைய மகள் மேனுகாவைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் கடைசிச் சண்டையின்போது வன்னியில் இருந்தவர்கள். முகாமிலிருந்து விடுபட்டு வந்தது இவள் மட்டும்தான். வந்த நாளிலிருந்து பேச்சில்லை.

"இவளுக்கு மருந்து குடுத்துப் பறைய வையுங்க" என்றார். "மூத்தவள் எங்க எண்டு நான் கேக்கணும்."

"ஒவ்வொரு நாளும் கேக்கிறீங்களா ஐயா?"

"கேக்காம? பெத்தவன் நான்!"

"கொஞ்ச நாளைக்குக் கேக்காம இருங்க. இவ என்ன திண்டா, நித்திரை கொண்டாவா எண்டு மட்டும் பாருங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கென்ன தெரியும்?" என்று மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த கிழமை இராசாத்தி வாவியைக் கடந்து அவர்கள் வீட்டுக்குப் போனாள். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை அங்கே 'பாதை' என்பார்கள். மழைக்காலம் முழுவதும் பாதையில் போய் வந்தாள். மேனுகாவோடு இருந்து அரிசியில் கல் பொறுக்கினாள், கீரை ஆய்ந்தாள். கதிர்காமத்தம்பி முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். மகளிடம் கேட்பதையும் மெல்ல நிறுத்தினார்.

வயல்களில் நெல் அறுக்கும் வேளாண்மை வெட்டுக் காலம். மேனுகா சுளகைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பாராமல் சொன்னாள்:

"அக்காவுக்குக் காயம். தூக்க ஏலாமப் போச்சு. நீ ஓடு எண்டு சொன்னா. நான் ஓடி வந்திட்டன்."

இராசாத்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற கதிர்காமத்தம்பி உள்ளே வந்து, மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தார். "நீ வந்ததே காணும் மகள்" என்றார்.

பதவி பின்னர் ஒருவழியாக வந்தது. நகரத்தில் வேண்டாம், படுவான்கரைக் கிளினிக் ஒன்று போதும் என்று இராசாத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். மேனுகா அம்பிளாந்துறையில் தையல் தைக்கிறாள். கதிர்காமத்தம்பி மூத்த மகளைத் தேடுவதை விடவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்; சில நாள்களில் இராசாத்தியும் கூடப் போனாள். எங்கிருந்தும் பதில் வரவில்லை. ஆனால் மூத்தவள் எங்கே என்று இளையவளிடம் அவர் மறுபடி கேட்டதேயில்லை.