நைனாவின் உப்பில்லாப் பத்தியம்

விடிந்ததும் அம்மா நைனாவின் வீங்கின கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். விரலை எடுத்த பிறகும் பிசைந்து வைத்த மாவில் பட்டது போல அங்கே குழி அப்படியே நிற்கும். குழி சீக்கிரம் நிரம்பினால் நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். நிரம்பாவிட்டால் தலையை நிமிர்த்தி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள் பாருங்கள், ஒரு தப்பும் செய்யாதவள்கூட நான்தானோ என்று நினைத்துக்கொள்வாள். சந்தேகப்படுவதை நான் எங்கள் அம்மாவிடம்தான் கற்றேன். இன்றைக்கும் காய்கறிக்காரி தராசைத் தூக்கினால் என் கண் தட்டில் இருக்காது, அவள் சுண்டுவிரலில்தான் இருக்கும்.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓவர்சீயர். மாம்பலத்துப் பக்கம் தியாகராய நகர் என்று புதிதாக வீதி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நாளெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு, சாயங்காலம் ஜல்லிப் புழுதியோடு வீடு வருவார். ஒரு மழைக்காலத்தில் அவருடைய பூட்ஸ் காலில் ஏறவில்லை. தோல் சுருங்கிவிட்டது என்று பூட்ஸைத் திட்டினார். அடுத்து கண்ணிமை தடித்தது, முகம் வெளுத்து ஊதியது, அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டோம்.

டாக்டர் நைனாவின் நீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, விளக்கில் காட்டிக் காய்ச்சி, பையிலிருந்து ஏதோ திராவகம் இரண்டு சொட்டு விட்டார். அது கெட்டுப்போன பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரைந்தது. "குண்டிக்காய் வியாதி" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு அந்த இரண்டு சொட்டின் மேல் அன்றைக்கே சந்தேகம். "அவுரு வுட்ட மருந்துதான் வெள்ளையாச்சு. வியாதி இருந்தாதானே அவுரு வண்டி ஓடும்?" என்று என்னிடம் குசுகுசுத்தாள்.

டாக்டர் நைனாவை நேருக்கு நேர் உட்காரவைத்து, "உப்புங்கற ருசியே உங்க நாக்குல படக் கூடாது. பட்டா வீக்கம் நெஞ்சுக்கு ஏறும், அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை" என்று அழுத்திச் சொன்னார். நைனா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டினார்.

அன்று முதல் நைனாவுக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. உப்பு ஜாடியை அம்மா உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையில் நெருஞ்சிமுள் கஷாயம், வெயில் ஏறினால் பார்லித் தண்ணீர், இடையில் முள்ளங்கிச் சாறு. விசுவாசத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் வீக்கம் மட்டும் இறங்கவில்லை. சில காலைகளில் குழி முன்னைவிட ஆழமாக நின்றது. "இந்த வீட்டுல யாரோ அவருக்கு உப்பு குடுக்கறாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாரோ இல்லையோ, எங்கள் வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிட்டது. பால்காரர் பாலில் என்ன கலக்கிறார் என்று அம்மா நக்கிப் பார்த்தாள். கோடையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று அதன் மேலும் பழி போட்டாள். என்னையும் என் தங்கையையும் வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தாள். ஐயோ, அந்த நாட்களில் வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் பயம்.

கடைசியில் சந்தேகமெல்லாம் தேனாம்பேட்டை அத்தை தலையில் வந்து விடிந்தது. நைனாவைத் தூக்கி வளர்த்த அக்கா அவர். வெள்ளிக்கிழமை தோறும் கபாலி கோயிலுக்கு வந்துவிட்டு நேரே தம்பியைப் பார்க்க வருவார். இருவரும் உள்ளே உட்கார்ந்து பேசிச் சிரிப்பார்கள். "இன்னா சோறுடா இது, உப்பு இல்லாம எப்டிடா எறங்குது?" என்று அத்தை ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது அம்மா காதில் விழுந்துவிட்டது. போதாதா?

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை வாசற்படி ஏறும்போதே அம்மா வழியை மறித்தாள். "அண்ணி, முந்தானைய அவுத்துக் காட்டிட்டு உள்ள போங்க" என்றாள். குழாயடிக்குப் போன பெண்களெல்லாம் குடத்தோடு நின்றுவிட்டார்கள். அத்தை சிரித்தார், கேலி என்று நினைத்துக்கொண்டு. அம்மாவே கையைப் போட்டு முடிச்சை அவிழ்த்தாள். வெற்றிலை, ஒரு கிராம்பு, வெள்ளைப் பொடி மடித்த ஒரு பொட்டலம். அம்மா அந்தப் பொடியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"தனம், அது சாமி திருநீறு" என்றார் அத்தை அம்மாவிடம். கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த நைனாவை வாசலிலிருந்தே பார்த்து, "டேய், நான் உனக்கு ஒரு கல்லு உப்பு குடுத்திருப்பேனாடா? சொல்லேண்டா!" என்று கேட்டார். நைனா எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அத்தை வெற்றிலையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

அத்தை வராத நாட்களிலும் குழி ஆழமாகவே நின்றது. டாக்டர் ஒரு நாள் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துச் சொல்லாமல் வந்தார். நேரே அடுப்படிக்கே போய் நைனாவுக்கு வைத்திருந்த ரசத்தை ஒரு கரண்டி உள்ளங்கையில் விட்டு நக்கினார். "இதில் என்னம்மா போட்டிருக்கே?" என்றார். அம்மா பெருமையாகச் சொன்னாள்: "இந்துப்புங்க. அது விரத உப்பு. கிருத்திகைக்குக்கூட ஆவும். வேற உப்ப அந்தச் சட்டியாண்ட நான் கொண்டுபோறதே இல்ல."

எங்கள் வீட்டில் கிருத்திகைக்கு உப்பில்லாமல் விரதம் இருப்பார்கள். அன்றைக்குச் சமையலில் விழுவது பாறையில் வெட்டி எடுக்கிற இந்துப்பு. சாமியே ஒத்துக்கொள்வதை டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டாரா என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாம் ஒண்ணுதாம்மா. இத்தனை நாளா நீயே உன் கையால குடுத்துக்கிட்டு வந்திருக்கே" என்றார்.

அன்று ராத்திரி நைனாவிடம் ஒன்றும் சொல்லாமல் இந்துப்பு இல்லாத ரசத்தை ஊற்றினாள். நைனா ஒரு வாய் வைத்தார். ரசம் கொஞ்சம் ஆறியிருந்தாலும் வீட்டை இரண்டு பண்ணுகிற மனுஷர். கையைத் தட்டில் நிறுத்தி அம்மாவை ஒருதரம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. மிச்சத்தையும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்தார். சில வாரத்தில் கால் வற்றி, பூட்ஸ் ஏறியது.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு தேனாம்பேட்டைக்கு ஓடினாள். அத்தை காலில் விழுந்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அத்தை அவளைத் தூக்கி உட்காரவைத்து, மோர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"உம்மேல எனக்குக் கோவம் இல்ல தனம். நீ தெரியாம போட்ட. தெனம் தின்னுக்கினு இருந்தவனுக்கு நாக்கு இல்லியா? அவன் ஏன் வாயத் தொறக்கல?"

அதற்கப்புறமும் அம்மா காலையில் கணுக்காலை அழுத்திப் பார்ப்பாள். ஆனால் எங்கள் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நைனாவின் முகத்தைத்தான் பார்ப்பாள். நைனா இன்னும் சில வருஷம் இருந்தார். அந்த வியாதி அவரை விட்டுப் போகவில்லை, இரைக்க இரைக்கத்தான் போனார். சாவுக்கு அத்தை வந்து வாசலிலேயே விழுந்து அழுதார். உள்ளே வரவில்லை.

இப்போது யாரும் குண்டிக்காய் வியாதி என்று சொல்வதில்லை. கிட்னி என்கிறார்கள், ரத்தத்தை மிஷினில் சுத்தம் பண்ணுகிறார்கள். நைனா நின்று வீதி போட்ட இடத்தில் துணிக்கடைக் கூட்டத்தில் நடக்க முடியவில்லை. சித்திரக்குளத்து வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அம்மா போய்விட்டாள், அத்தை போய்விட்டார், டாக்டரும் இல்லை. இந்துப்பு ஆகும் என்று நைனாவும் அம்மாவைப் போலவே நம்பியிருக்கலாம் என்கிறாள் என் தங்கை. அவள் நல்லவள், எல்லாரையும் நம்புவாள். எனக்கு மனசு ஆறவில்லை. நைனாவுக்குத் தெரியும், அந்த ஒரு கரண்டி ரசத்தை விட மனசில்லாமல், தூக்கி வளர்த்த அக்காவை விட்டார்.